மஞ்சள் வாத்துக் கணக்கு

நவம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. ஃபிஜித் தீவில், அதுவும் சுவாவில், இதை எழுதத் தேவையே இல்லை, இருந்தாலும் டைரி என்றால் மழையில் ஆரம்பிக்க வேண்டுமாம். குடையில் ஒரு கம்பி போய்விட்டது. ஆபீஸ் கூரை என் மேசைக்கு நேர் மேலே ஒழுகுகிறது. மேசையை நகர்த்தினேன். அங்கேயும் ஒழுகியது.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லை. ஆபீசில் யாருக்கும் இதைப் படிக்க வராது, அவ்வளவுதான். தமிழ்ச் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக் கற்றது இப்போது பூட்டாக உதவுகிறது. என் மகள் வசந்தா, ஏழு வயது, எட்டிப் பார்த்து, "கா லிக்தா, பப்பா?" என்றாள். என்ன எழுதுகிறேன் என்பதை இந்துஸ்தானியில்தான் கேட்கத் தெரியும் அவளுக்கு. வாத்துக் கணக்கு என்றேன். எழுத்தைப் பார்த்து, இது கோலமா என்றாள்.

இந்த வாரம் முடிக்க வேண்டியவை:
நவுவா வேட்டைக்காரர்களின் அட்டைகள், கூட்டல்.
காட்டு வாத்து மொத்தம் எத்தனை. போன வருடத்தைவிடக் கூடவா குறைவா.
அறிக்கை டைப். அடுத்த செவ்வாய்க்குள் துரை மேசையில்.
குடை.
சரோஜாவுக்கு டானிக்.

இனி துரையை து. என்றும் சரோஜாவை ச. என்றும் எழுதப் போகிறேன். மை மிச்சம்.

து. இன்று ஒன்று சொன்னார். அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் வருமாம். அச்சில்! விவசாய இலாகாவில் பதினோரு வருடமாக மற்றவர்கள் பெயரை டைப் அடித்து வந்த விரல்கள் இவை. வீட்டுக்கு வந்து ச.விடம் பீற்றிக்கொண்டேன். "எழுத்துப் பிழை இல்லாம அடிங்க" என்றாள். பெண்டாட்டி.

நவம்பர் 10, செவ்வாய்

மழை. அட்டைகள் வந்துவிட்டன. சில அட்டையில் குழம்புக் கறை.

முறையை எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்து போகும். நவுவா நெல் வயல்களில் ஜூலை மாதம் வலை போட்டு அறுபது காட்டு வாத்து பிடித்தோம். ஃபிஜிக்காரர்கள் ஙா என்பார்கள், பழுப்பு நிறம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. ஒவ்வொன்றின் காலிலும் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டி விட்டுவிட்டோம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சுடலாம். துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர் ஒவ்வொருவரும் அட்டையில் எழுத வேண்டும்: எத்தனை சுட்டேன், அதில் வளையம் உள்ளது எத்தனை. ஒரு மூட்டை வெள்ளைக் கடலையில் அறுபது கறுப்புக் கடலையைக் கலந்து, ஒரு பிடி அள்ளிப் பார்த்து மூட்டையைக் கணக்குப் போடுவது மாதிரி. பிடியில் கறுப்பு குறைவாக வந்தால் மூட்டை பெரிசு. தவிர, பழைய வருடத்து வளையம் திரும்பி வந்தால் அந்த வாத்து ஒரு வருடம் பிழைத்திருந்தது என்று அர்த்தம்.

இந்த வருடம் கூடுதலாக ஒரு வேலை. தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று வயிற்றிலும் இறக்கைக்கு அடியிலும் சாயம் பூசினோம். சிவப்பா மஞ்சளா என்று து. கேட்டார். பச்சை நெல்லில் மஞ்சள்தான் எடுப்பு என்றேன். என் யோசனை! ஒரு வாரம் என் கை கல்யாணப் பெண்ணின் கை மாதிரி இருந்தது.

போன வருடம்: வளையம் 40. சுட்டது 90. அதில் வளையம் உள்ளது 12. மொத்தம் 300.
இந்த வருடம்: வளையம் 60. சுட்டது 120. அதில் புது வளையம் 1. மொத்தம் 7,200.
(பழைய வளையமும் மூன்று வந்திருக்கிறது. அது தனிக் கணக்கு.)

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஏழாயிரத்து இருநூறேதான். து.விடம் ஓடினேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இவ்வளவு இருந்தால் வருடம் முழுக்கச் சுட அனுமதிக்கலாம், நெல்லுக்கும் நல்லது, அறிக்கை வந்த அன்றே மேலே அனுப்புகிறேன் என்றார். ச.வின் அண்ணன் நவுவாவில் நெல் போடுகிறார். மச்சானுக்குக் கொண்டாட்டம்தான். வாத்தைக் கண்டாலே ஆகாது அவருக்கு.

நவம்பர் 12, வியாழன்

வெயில்! ஆபீஸ் முழுக்க நனைந்த காகித வாசனை.

இரண்டாம் பக்கம் டைப் அடிக்கும்போது கை நின்றது. முந்நூறு வாத்து என்றால் நூற்றைம்பது ஜோடி. ஒரே வருடத்தில் ஏழாயிரத்து இருநூறு ஆக வேண்டுமானால் ஜோடிக்கு நாற்பத்தாறு குஞ்சு. ஒன்றுகூடச் சாகாமல். நவுவாவின் கீரிகள் எல்லாம் சைவமாக மாறியிருக்க வேண்டும்.

காதர் பாயிடம் கேட்டேன். இலாகா ஜீப் ஓட்டுகிறவர், நடபுவாக்காரர், வாய் கொஞ்சம் நீளம். "ஏழாயிரமா? அண்ணே, வாரத்துல ரெண்டு வாட்டி அந்த ரோட்டுல போறேன். ஏழாயிரம் இருந்தா ஜீப்பு கண்ணாடி மேல ஒரு எச்சமாவது வுழுந்திருக்காதா?"

அட்டைகளை மறுபடி பிரித்தேன். அந்த ஒரே ஒரு புது வளையத்தை அனுப்பியவர் சுவாவில் பாங்கில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர், ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போனவர். நவுவா விவசாயிகள் நூறு வாத்துக்கு மேல் சுட்டிருக்கிறார்கள். ஒரு புது வளையம்கூட இல்லை. இருபத்தேழு அட்டையில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

புரிந்துவிட்டது. ஒளித்து வைத்திருக்கிறார்கள். சாவி மாட்ட, குழந்தைக்கு விளையாட, சேவல் காலில் போட்டு அழகு பார்க்க. திருட்டுப் பயல்கள். இவர்கள் வளையத்தைப் பதுக்குவார்களாம், நான் இங்கே வாத்தைப் பெருக்குவேனாம்.

விளையாட்டு இல்லை இது. பொய்க் கணக்கு மேலே போனால் வருடம் முழுக்கச் சுட உத்தரவு. வாத்து முட்டையிடுகிற நேரம் இது. சுவாவிலிருந்து கார் காராகப் போய்ச் சுட்டால் இரண்டு வருடத்தில் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த அறிக்கையில் என் பெயர், அச்சில்.

சனிக்கிழமை நவுவா. முதல் விசாரணை மச்சானிடம். உறவு வேறு, கவர்மெண்டு வேறு.

நவம்பர் 14, சனி

நடந்தது நடந்தபடி ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காதர் பாய் ஜீப்பில் போனோம். ரோடு முழுக்கக் குழி. மச்சான் வீட்டுக்குப் போனால் வாத்துக் குழம்பு என்பது வழக்கம். இன்று கோழி. இலை போட்டதுமே ஆரம்பித்துவிட்டேன், பொறுக்க முடியவில்லை.

"மச்சான், வளையமெல்லாம் எங்க?"

"எந்த வளையம்?"

"வாத்துக் கால்ல இருந்தது. ஒளிச்சு வெச்சா கவர்மெண்டு கணக்கு தப்பாப் போவும், தெரியுமா?"

மச்சான் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "அம்மனுக்கு வுட்டதை நான் சுடுவேனா? என்னை என்னா ஆளுன்னு நெனச்சீங்க மாப்ளே?"

அம்மனுக்கா என்றேன். அவர் நின்றபடியே சொன்னார். ஜூலை என்பது ஆடி. தீமிதிக்குக் காப்பு கட்டிய வாரம். ஊரே மஞ்சள் துணி, மணிக்கட்டில் காப்பு. அந்த வாரம் வயலில் வந்து இறங்கின வாத்துகள். "ஒடம்பெல்லாம் மஞ்சள், கால்ல காப்பு. கொழந்தைகூட சொல்லும், யாரோ நேந்து வுட்டதுன்னு. கேத்துல நெல்லுமேல எறங்கினா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வெரட்டுவோம். பந்தூக்கு எடுத்துச் சுடுவோமா?"

ஐயோ. ஐயோ. தமிழன் நான். என் அம்மா ஒன்பது வருடம் மஞ்சள் கட்டித் தீ மிதித்தவள். தமிழர்கள் நடுவில், ஆடி மாதத்தில், அறுபது வாத்துக்கு மஞ்சள் பூசிக் காப்பும் கட்டி விட்டிருக்கிறேன். பச்சை நெல்லில் எடுப்பாம்! எந்த மடையனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். வெள்ளைக்காரர் சிவப்பு என்றுகூடக் கேட்டாரே.

"அப்ப அந்தப் பழைய வளையம் மூணு?"

"அதுல மஞ்சள் இல்ல. போன வருசத்துது. நேத்திக்கடனா இருந்தாலும் முடிஞ்சிருக்கும்னு சுட்டு, வளையத்தக் குடுத்துட்டோம்." நல்ல சட்டம் தெரிந்த ஊர். "பக்கத்து கேத்து உசேன் வூட்டுலகூட மஞ்சளைச் சுடல."

"அவங்களுக்கென்னா?" என்றார் காதர் பாய்.

"நாளைக்கு எங்க மூஞ்சில முழிக்கணும்ல."

காதர் பாய் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்திருப்பேன். ஆனால் மச்சான் அதோடு விடவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தணித்தார். "ஏன் மாப்ளே ஒளிக்கிறீங்க? வுட்டது நீங்கதான்னு ஊருக்கே தெரியும்."

அந்த வாரம் ச. சுவா ஆஸ்பத்திரியில். டைபாய்டு. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி வாத்துக்கு மஞ்சள் பூசியதை நாலு பேர் கரையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். "சேவல் ஒண்ணு நேந்துக்குவாங்க. ஆடு ஒண்ணு நேந்துக்குவாங்க. எந்தங்கச்சிக்காக அறுபது வுட்டாரு மாப்ளேன்னு நான் பாக்கறவங்ககிட்டல்லாம் சொன்னேன். மஞ்சள் வுட்டு எட்டாம் நாளு அவ எழுந்து உக்காந்தா. இல்லையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கோழியைச் சாப்பிட்டேன். அந்த வாரம் நான் ஏன் லீவு போடவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் பயமாக இருந்தது. வாத்து பிடித்தால் கைக்கு வேலை இருந்தது.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். போன மாதத்திலிருந்தே இறகு உதிருதாம், மஞ்சள் மங்கிப்போய், பறக்கும்போது எது அம்மனுடையது என்று தெரிவதில்லையாம். "வம்பு எதுக்குன்னு ஒண்ணையுமே சுடறதில்ல. தகரம்தான் தட்டறோம். நாத்து பாதி போச்சு" என்றார், ஏதோ மெடல் வாங்கின மாதிரி.

நவம்பர் 15, ஞாயிறு

மேகம். குடை ரிப்பேர் ஆயிற்று.

ஆக, 7,200 என்பது வாத்துக் கணக்கே இல்லை. மஞ்சளைச் சுடுகிற ஆள் நவுவாவில் ஒருவர்கூட இல்லை, பாங்கு துரையைத் தவிர. பிடியில் கறுப்புக் கடலை வராததற்குக் காரணம் மூட்டை பெரிசு என்பது இல்லை. கறுப்பை எல்லோரும் பொறுக்கிப் பொறுக்கி மூட்டையிலேயே விட்டிருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்:
1. சொல்லாமல் இருந்துவிடுவது. பெயர் அச்சில். மச்சான் சுட மாட்டார், சுவாக்காரர்கள் சுடுவார்கள்.
2. து.விடம் சொல்வது. மஞ்சள் யார் யோசனை என்று அவருக்குத் தெரியும். ஒரு வருட வேலை போச்சு, பெயரும் போச்சு.
3. காய்ச்சல் என்று படுத்துவிடுவது.

மதியம் வரைக்கும் மூன்றாவதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு ஜன்னல் வழியே பார்த்தேன். ச. துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான்கு துணிக்கு ஒரு முறை படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்கிறாள். இருக்கிறாள், உலர்த்துகிறாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் போதவில்லை. போய்க் கூடையைப் பிடுங்கினேன். "சட்டையைத் தலைகீழாப் போடறீங்க" என்று திட்டினாள்.

நாளை சொல்லிவிடுவேன்.

நவம்பர் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

நேர்ந்து விடுவது என்பதை ஆங்கிலத்தில் விளக்கக் கால் மணி நேரம். மாரியம்மனுக்கு இன்னொரு பத்து நிமிஷம். து. பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே கேட்டார்.

அறுபதையும் யாருமே சுடவில்லையா என்றார். ஒன்றைத் தவிர, என்றேன். சுடக்கூடாது என்று யார் உத்தரவு போட்டது என்றார். யாரும் போடவில்லை சார். நெல்லைத் தின்றும் விட்டுவைத்தார்களா? ஆமாம் சார், நாற்றங்காலில் பாதி போச்சு.

சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் உன்னுடைய யோசனை அல்லவா என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். எனக்குக் காது வரை சுட்டது. பிறகு சட்டென்று எழுந்து, சிவப்புப் பென்சிலால் 7,200ஐ அடித்தார். ஒரு கோடு போதாதா, மூன்று கோடு. அனுமதி கேட்டு ஒன்றும் மேலே போகாது. வருடம் முழுக்கச் சுடுவது கிடையாது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வைக்கப் பார்த்தேன். எங்கள் கையில் இப்போது துப்பாக்கிக்குத் தப்பின ஐம்பத்தொன்பது வாத்து இருக்கிறது, எண் போட்டு. அடுத்த ஜூலையில் மறுபடி வலை போட்டு அதில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கலாம். போன வருடத்து நாற்பதில் எத்தனை பிழைத்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சாவில் எவ்வளவு கீரியால், நோயால், எவ்வளவு துப்பாக்கியால் என்று பிரிக்க வழி கிடைக்கும். ஒரு ஊரே சொல்லாமல் கொள்ளாமல் இப்படி ஒத்துழைப்பது எந்த நாட்டிலும் நடக்காது என்றார்.

பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். பெயர் இருக்கும். சாயத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் இவர் என்று தனியாக ஒரு வரியும் இருக்கும். அதை டைப் அடிக்க வேண்டியவனும் நானே.

காதர் பாய் இன்று முழுக்க என்னைப் "பூசாரி அண்ணே" என்றார்.

நவம்பர் 17, செவ்வாய்

மழை. அறிக்கை து. மேசையில். பத்துப் பக்கம் நான்காகச் சுருங்கிவிட்டது. எழுத்துப் பிழை இல்லை.

சாயங்காலம் ச. பயத்தங்காய் நறுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணன் ஆகஸ்டுலயே சொல்லிச்சு" என்றாள். "நான்தான் உங்ககிட்ட கேக்கல. கோயில் வாசப்படி மிதிக்காத மனுசன் எனக்காக ஒண்ணு செஞ்சிருக்காரு, கேட்டா வெக்கப்படுவாருன்னு."

மூன்று மாதம். தினமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, அறுபது வாத்தை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மன்னிச்சுக்கோ என்றேன். மிச்சப் பயத்தங்காயையும் நறுக்கி முடித்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழம நவுவா போவணும். அண்ணன்கிட்டயும் நீங்களே சொல்லுங்க" என்றாள்.

டானிக் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 22, ஞாயிறு

வெயில், காற்று. பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரிக்குப் பிறகு ச.வின் முதல் பயணம். ஜன்னலோரம் அவள், மடியில் வசந்தா, கையில் எலுமிச்சம்பழம்.

மச்சானிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். குடிக்க நங்கோனா வேர்ப்பொடி கரைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"கவர்மெண்டு சாயமா?"

"ஆமா மச்சான்."

"காப்பு?"

"நம்பர் போட்ட அலுமினியம்."

கொட்டாங்குச்சியில் ஊற்றி எனக்கு நீட்டினார். "நீங்க எதுக்குப் போட்டீங்களோ, மாப்ளே. நாங்க மூணு மாசம் அம்மனோடதுன்னு வுட்டு வெச்சுட்டோம். இனிமே எப்படிச் சுடறது?" என்றார். கோபம் இல்லை. தகரத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

நாங்களும் வரப்பு வரைக்கும் நடந்தோம். ச. இரண்டு இடத்தில் நின்று நின்று. வாய்க்காலில் வாத்துக் கூட்டம், பெரிசும் சின்னதுமாக. வசந்தா ஏக், தோ என்று எண்ணினாள். ச. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நான் மஞ்சள் மிச்சமிருப்பதை மட்டும் எண்ணினேன். பதினொன்று.

"நெசமாவே ஒண்ணும் நேந்துக்கலையா அப்போ?" என்றாள் ச.

"இல்ல."

"அப்ப இப்ப நேந்துக்கோங்க. வாத்து தயாரா இருக்கு."

"முடிஞ்சு போனதுக்கு யாராவது நேந்துக்குவாங்களா?"

"எங்க முடிஞ்சுது? வரப்பு வரைக்கும் வரதுக்கே மூச்சு வாங்குது. மிச்சம் தேற வேணாமா?"

எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், ஒன்றும் தெரியாது. செருப்பைக் கழற்றினேன். சேறு. அம்மா, என்று ஆரம்பித்தேன். அறுபது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்தது பதினொன்றுதான். பதினொன்றுக்கு மட்டும் நேர்ந்துகொண்டேன். மீதி கண்ணில் பட்டதும்.